களி சாப்பிட்டும் எடை ஏறுகிறதே, ஏன்? (சுகர் இருப்பவர்கள் மட்டும் வரவும்)

11 மே 2025. கேட்டவர்: காவேரிப்பட்டணம், வேன் ஓட்டுநர்

வயது 44. சுகர் வந்து மூன்று வருஷம். கண்டுபிடித்தபோது 74 கிலோ, இப்போது 81. மாத்திரை போட ஆரம்பித்த பிறகுதான் இப்படி. காலையும் ராத்திரியும் ராகிக் களி, மத்தியானம் மட்டும் சோறு. இனிப்பு தொடுவதில்லை. ஓசூர் லோடு ஓட்டுவதால் நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. மருந்துச் சீட்டில் மெட்ஃபார்மினும் க்ளிமிபிரைடும், பிபிக்கு ஒன்றும் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டால் "வாயைக் கட்டு" என்கிறார். களி சாப்பிட்டால் இளைக்கும் என்று சொல்வது பொய்யா?

11 மே, இரவு

தம்பி, நான் டாக்டர் இல்லை. பாலக்கோட்டில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள், எனக்கும் சுகர் வந்து பல வருஷம் ஆகிறது. வாயைக் கட்டுவது இருக்கட்டும், முதலில் இதைச் சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண்மண் தெரியாத பசி வருகிறதா? வந்தால் என்ன சாப்பிடுகிறீர்கள்?

12 மே

நினைத்தேன். தம்பியின் பதில்: சூளகிரி தாண்டுவதற்குள் நடுக்கம், உடனே வண்டியை ஓரம் கட்டி இரண்டு பன், தூக்கலான சர்க்கரையில் ஒரு டீ, நாலு போண்டா. வாரத்தில் மூன்று நாலு முறை. அப்படியானால் ஏறின ஏழு கிலோவில் களிக்கு மட்டும் பழி போடாதீர்கள், போண்டாவுக்கும் பங்கு உண்டு, க்ளிமிபிரைடுக்கும் உண்டு.

அந்த மாத்திரை கணையத்தை உசுப்பி இன்சுலின் சுரக்கவைக்கிற வகை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. சாப்பாடு தள்ளினால் சுகர் 70-க்குக் கீழே போகும், போனால் உடம்பு எதையாவது தின்னச் சொல்லிப் பிடுங்கும். அந்த நேரத்துப் பசியை மன உறுதியால் அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. ஆனால் அதற்கு மருந்து போண்டா இல்லை. எண்ணெயில் பொரித்தது மெதுவாகத்தான் செரிக்கும், சுகர் ஏறுவதும் தாமதமாகும், ஏறாததால் இன்னும் நாலு தின்போம். 15 கிராம் சர்க்கரை போதும், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை. சரியானதும் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடலாம். வண்டியில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நடுக்கத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டுவது எடையைவிடப் பெரிய விஷயம், அதை நான் சொல்லவே வேண்டியதில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடுக்கம் வந்த நாள், நேரம், மீட்டரில் காட்டிய எண், மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். "எடை ஏறுகிறது" என்றால் வாயைக் கட்டச் சொல்வார்கள். "வாரத்தில் மூன்று நாள் சுகர் லோ ஆகிறது" என்றால் சீட்டை எடுத்துப் பார்ப்பார்கள்.

13 மே

இன்னொன்று விட்டுப்போச்சு. அந்த 74 உங்களுடைய நிஜ எடைதானா? சுகர் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் எவ்வளவு இருந்தீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், ரத்தத்தில் சுகர் சுமார் 180-ஐத் தாண்டினால் மூத்திரத்தில் இறங்க ஆரம்பிக்கும். ஒரு கிராம் குளுக்கோஸ் என்றால் 4 கலோரி, ஆக தின்றதில் ஒரு பகுதி தினமும் கழிவறைக்குப் போகிறது. கண்டுபிடிப்பதற்கு முன்னால் பலர் காரணமில்லாமல் இளைப்பது இதனால்தான். ஊரில் "ஆள் ஸ்லிம்மாகிவிட்டான்" என்று பாராட்டுகூடக் கிடைக்கும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் ஓட்டை அடைபடுகிறது, அதே சாப்பாடு இப்போது முழுசாக உடம்பில் சேருகிறது. அப்படித் திரும்பி வந்த எடையில் கொஞ்சம் உங்களுக்கு உரியதுதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவு சொன்ன பெரிய ஆய்வு ஒன்று உண்டு, யுகேபிடிஎஸ் என்பார்கள். அதில் சுகரை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், சிறுநீரகக் கோளாறு குறைந்தது, ஆனால் எடை ஏறியது. பத்து வருஷத்தில் இன்சுலின் போட்டவர்களுக்கு மற்றவர்களைவிட 4 கிலோ வரை அதிகம். ஆகவே எடைக்குப் பயந்து இன்சுலினை விட்டுவிட்டேன் என்று யாராவது இங்கே எழுதினால் திட்டுவேன். கண் போனபிறகு இடுப்பு இளைத்து என்ன செய்ய?

13 மே, கொஞ்சம் கழித்து

ஆமாம், 79 இருந்தாராம். ஆக நிஜமாக ஏறியது இரண்டு கிலோ. தம்பிக்கு இன்றைக்குத் தூக்கம் வரும்.

18 மே

களிக்கு வருகிறேன். இது கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் கௌரவப் பிரச்சினை என்று தெரியும், கல்லெறியாதீர்கள்.

100 கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து கிட்டத்தட்ட 67 கிராம், 320 கலோரி. பச்சரிசியில் 78 கிராம், 356 கலோரி. வித்தியாசம் அவ்வளவுதான். ராகியில் நார்ச்சத்து பல மடங்கு அதிகம், சுண்ணாம்புச்சத்துக்கு அதை அடிக்க ஆள் இல்லை, அதெல்லாம் உண்மை. ஆனால் நம் களியில் ராகி மட்டுமா இருக்கிறது? அரிசி நொய்யை வேகவைத்து அதில்தான் மாவைக் கொட்டிக் கிண்டுகிறோம். மாவும் மெஷினில் நைசாக அரைத்தது. அதை மெல்லாமல் குழம்பில் தோய்த்து முழுங்குகிறோம், மென்று தின்றால் பாட்டிக்குக் கோபம் வரும். வயிறு நிரம்பின சேதி மேலே வந்து சேர்வதற்குள் இரண்டாவது உருண்டை தட்டில் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு உருண்டைக்குப் போகிற மாவையும் நொய்யையும் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். வெந்தது ஒரு உருண்டை 400 கிராம், உள்ளே போன தானியம் 110 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு உருண்டைக்கே 350 கலோரி ஆகிவிடும். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று போட்டால் சோறு சேர்க்காமலே 1,400. கழனியில் மாடு ஓட்டி, கிணற்றில் இறைத்து, வரப்பு வெட்டினவர்களுக்குக் கணக்குப் பார்த்துப் பிடித்த உருண்டை அது. நானோ தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்த நாளிலிருந்து பெடல்கூட மிதிப்பதில்லை.

இப்போது நான் செய்வது: உருண்டை ஒன்றுதான், பழைய அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. நொய்யைக் குறைத்துவிட்டேன். தட்டில் மீதி இடத்துக்குக் கீரைக்கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பில் கொட்டையாகவே இரண்டு கரண்டி, முட்டையோ கருவாடோ ஏதாவது ஒன்று. முதலில் கீரையும் கொட்டையும், கடைசியில் களி. முதல் வாரம் வயிறு கத்தியது. அப்புறம் பழகிவிட்டது.

19 மே

"களி தின்ற தாத்தா 90 வயது வரை இருந்தார்" என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். சந்தோஷம். தாத்தா பென்னாகரம் சந்தைக்கு நடந்து போய்விட்டு நடந்து வந்தவர் என்பதையும் அதே நாலு பேர்தான் எழுதியிருக்கிறார்கள்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற அரூர்க்காரருக்கு: கொள்ளை வேகவைத்துத் தண்ணீரை மட்டும் ரசமாகக் குடித்துவிட்டுக் கொட்டையை மாட்டுக்கு வைத்தால் மாடுதான் திடமாகும். 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம், அது கொட்டையில் இருக்கிறது. சுண்டலாகத் தின்னுங்கள். சிறுநீரகக் கோளாறால் கிரியாட்டினின் ஏறினவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

2 ஜூன்

"எனக்கு 34 பேன்ட் சரியாக இருக்கிறது, தொப்பை இல்லை" என்கிற ஆம்பளைகளுக்கு. அளவெடுத்துச் சம்பாதிக்கிறவள் சொல்கிறேன், பேன்ட் நிற்கிற இடம் வேறு, இடுப்பு வேறு. தொப்பைக்குக் கீழே பெல்ட்டை இறக்கிக் கட்டினால் 44-க்கும் 34 சரியாகத்தான் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, டேப்பை இழுக்காமல் பிடிக்கவேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கொழுப்பு உள்ளே ஈரலைச் சுற்றிச் சேருகிறது என்று பொருள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கிலும் வெள்ளைக்காரர்களுக்கு 25 என்றால் நமக்கு 23-லேயே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன்.

கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும், அந்த உடம்புக்காகத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். புனேயில் டாக்டர் யாஜ்னிக் என்பவரும் லண்டனில் யுட்கின் என்பவரும் 2004-இல் தங்கள் இரண்டு பேர் படத்தையும் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. உடம்புக் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2.

பெண்களுக்கு வேறு ஒரு தொல்லை, நைட்டி. அது எவ்வளவு ஏறினாலும் காட்டிக்கொடுக்காது. ஜாக்கெட்தான் நேர்மையானது. பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து "உள்தையலைப் பிரித்துக் கொடுக்கா" என்று கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு சுகர் மாத்திரை புதிதாக மாறியிருக்கிறது என்று இப்போதெல்லாம் கேட்டுப் பார்க்கிறேன். மூட்டு வலிக்கு எவரோ கொடுத்த பொடி சாப்பிட்டு முகமெல்லாம் உப்பி வந்தவர்களும் உண்டு. அந்தப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சுகரும் ஏறும் எடையும் ஏறும், ஜாக்கிரதை.

15 ஜூன்

மாம்பழம். கேட்காமல் இருப்பீர்களா, அதுவும் கிருஷ்ணகிரிக்காரர்கள், இந்த வருஷம் விலை விழுந்து வீட்டுக்கு வீடு கூடை நிற்கிறபோது.

நறுக்கின பழம் 100 கிராமில் 14, 15 கிராம் சர்க்கரை. சின்ன செந்தூராவில் பாதி, சாப்பாட்டோடு சேர்த்து, அன்றைக்குக் களியைக் கொஞ்சம் கிள்ளிக் குறைத்துவிட்டு என்றால் பரவாயில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்து, டிவி முன்னால் உட்கார்ந்து, கொட்டையைச் சப்பிக்கொண்டே மூன்று பழம் என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஜூஸும் மாம்பழக் கூழும் வேண்டவே வேண்டாம். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டவருக்கு: மல்கோவா வந்தால் சாப்பிடுவேன். பெங்களூராவுக்காக என் கணக்கை வீணாக்க மாட்டேன்.

29 ஜூன்

நடந்தால் இளைக்குமா? நடையை மட்டும் நம்பினால் பெரிதாக இளைக்காது. ஒரு மணி நேரம் வேர்க்க நடந்தால் 200, 250 கலோரி போகும். மைதானத்தில் காலையில் நடக்கிற கூட்டம் அப்படியே வாசல் டீக்கடையில் வந்து நின்று இரண்டு வடையில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள், வடை நன்றாகவே இருக்கும்.

ஆனால் சுகருக்கு நடை நல்ல மருந்து. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் அந்த வேளை ஏறுவது குறையும், மொட்டை மாடியில் போதும். கூடவே தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது. எடை குறைகிறபோது கொழுப்போடு தசையும் போகும், தசை போனால் சுகரைச் செலவழிக்கிற இடமே குறைந்துவிடும். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மைதானமானாலும் கோயிலானாலும்.

வேன் தம்பிக்கு: குறட்டை விடுவீர்களா? பகலில் ஸ்டியரிங்கில் கண் சொக்குகிறதா? எடையும் சுகரும் சேர்ந்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது சகஜம். டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

20 ஜூலை

எல்லாரும் கேட்பதால் மாத்திரைகளை எடை வாரியாக, எனக்குத் தெரிந்தவரை. பெயரைப் பார்த்துவிட்டுக் கடையில் போய் வாங்காதீர்கள்.

க்ளிமிபிரைடு, க்ளிபென்க்ளமைடு வகையும் இன்சுலினும் ஏற்றும். பயோக்ளிட்டசோனும் ஏற்றும், அதில் கால் வீக்கமும் சேரும். மெட்ஃபார்மின் ஏற்றாது, சிலருக்கு ஒன்றிரண்டு கிலோ இறக்கும். சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின் எல்லாம் நடுநிலை. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் இறக்கும், இரண்டு மூன்று கிலோ.

இந்தக் கடைசி வகைதான் என்னுடையது. மே 13-இல் ஓட்டை என்று எழுதினேனே, அந்த ஓட்டையை வேண்டுமென்றே திறந்துவிடுகிற மாத்திரை இது. தினமும் 60, 70 கிராம் குளுக்கோஸ் மூத்திரத்தில் போகும். எனக்கு டாக்டர் இதைச் சேர்த்தபோது க்ளிமிபிரைடைப் பாதியாக்கினார். எனக்கு அதுதான் திருப்பம். லோ நின்றது, பதினோரு மணிப் பசி நின்றது, தையல் மேஜை டிராயரிலிருந்து பிஸ்கட் காணாமல் போனது. கிலோக் கணக்கில் மாத்திரை எவ்வளவு, பிஸ்கட் எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. இதில் உள்ள தொந்தரவு, அந்த இடத்தில் அரிப்பு, பூஞ்சை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும், வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கக் கூடாது. விலையும் இப்போது இறங்கியிருக்கிறது. டாபாக்ளிஃப்ளோசின் காப்புரிமை 2020-இலும் எம்பாக்ளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்ததால் நிறையக் கம்பெனிகள் போடுகின்றன.

எடை குறைக்கிற ஊசி பற்றி: மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒரு ஊசி, வந்தபோது ஆரம்ப அளவான 2.5 மில்லிகிராம் 3,500 ரூபாயாக இருந்தது, மாதத்துக்கு 14,000. செமாக்ளூடைடும் அந்த இனம். பசியையே குறைக்கும், எடை நிஜமாகவே நன்றாக இறங்கும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் உண்டு, கணைய அழற்சி வந்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். சுகர் வேகமாக இறங்கினால் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது கூடலாம், ஆகவே கண்ணை முதலில் காட்டுங்கள். நான் ஒரு ஜாக்கெட் தைத்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை மூடிவிட்டேன்.

4 ஆகஸ்ட்

நாளையோடு மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி நாலு வருஷம். 2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் ஆரம்பித்தார்கள். மாத்திரை வாசலுக்கு வருவது பெரிய உதவி. ஆனால் வாசலுக்கு வருகிறது என்பதால் நாம் டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம், சாப்பாடு மாறின பிறகும் மாத்திரை பழைய அளவிலேயே ஓடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, அந்த மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ஏ1சி எண்ணையும் எடையையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

ஆடிக் கூழ் பற்றிக் கேட்டவருக்கு: ஒரு சொம்பு குடிக்கலாம், அண்டா இல்லை.

20 செப்டம்பர்

புரட்டாசி முதல் சனி. விரதம் இருந்தால் எடை குறையுமே என்று காலையிலிருந்து மூன்று பேர்.

க்ளிமிபிரைடு, இன்சுலின் போடுகிறவர்கள் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் கோயில் வரிசையிலேயே விழுவார்கள். என் மாத்திரை வகைக்காரர்களுக்கு வேறு ஆபத்து. பட்டினியோடு தண்ணீரும் குறைந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறலாம், அப்போது மீட்டரில் சுகர் சுமாராகத்தான் காட்டும், அதனால் ஏமாந்துபோவோம். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு என்றால் நேரே ஆஸ்பத்திரிதான். நான் முன்னாடியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு வேளை இலகுவாகச் சாப்பிட்டு விரதம் இருக்கிறேன். பெருமாள் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி விரதம் முடித்து வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல் என்று உட்காருகிறவர்கள் எடையைப் பற்றிப் பேச வேண்டாம்.

5 அக்டோபர்

மே 18 களிச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் ஆட்கள் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து, அதில் 18,000 பேரின் சாப்பாட்டையும் கணக்கெடுத்து நேச்சர் மெடிசின் இதழில் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சாப்பாட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தாம். அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமையோ சிறுதானியமோ போட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காவிட்டால் சுகர் வரும் ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் மாதிரிப் புரதம் வைத்தால் குறைந்திருக்கிறது. அது சுகர் வருவதைப் பற்றிய ஆய்வு, வந்தவர்கள் இளைப்பதைப் பற்றியது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

களியை விட்டுவிடுங்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ரேஷனில் தருமபுரிக்கு ராகி கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் போய் நின்றவள் நான்.

7 அக்டோபர்

ஓசூரிலிருந்து ஒருவர்: "வெளிநாட்டில் 800 கலோரி பவுடர் குடித்து சுகரையே போக்கிவிட்டார்கள், நாளையிலிருந்து நானும்." நில்லுங்கள்.

அது டைரெக்ட் என்கிற ஆய்வு, ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடிலும் நடந்தது, 2017-இல் வெளிவந்தது. தினமும் 825 முதல் 853 கலோரி, மூன்றிலிருந்து ஐந்து மாதம். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் வந்தது, 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இரண்டாம் வருஷத்தில் மொத்தக் கணக்கு 36 ஆக இறங்கியது. நல்ல சேதிதான். ஆனால் அவர்கள் எல்லாரும் சுகர் வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். முக்கியமாக, முதல் நாளே சுகர் மாத்திரையையும் பிபி மாத்திரையையும் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தினார்கள். நீங்கள் க்ளிமிபிரைடு 2 மில்லிகிராமோடு 800 கலோரிக்கு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மே 12-ஐப் படியுங்கள்.

9 நவம்பர்

வேன் தம்பி திரும்பி வந்திருக்கிறார். தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினாராம், அதே டாக்டர்தான், க்ளிமிபிரைடைக் குறைத்து வேறொன்று சேர்த்திருக்கிறார். நடுக்கம் அநேகமாக இல்லை. உருண்டை ஒன்றாகிவிட்டது, வண்டியில் வேகவைத்த நிலக்கடலை டப்பா. 77 கிலோ. 81-இல் நாலு போனது என்றால் 5 சதவீதம் வந்தாயிற்று, ஏ1சி அசைய ஆரம்பிப்பது இந்த அளவில்தான். மூன்று வாரமாக அப்படியே நிற்கிறது என்று புலம்புகிறார். உடம்பு இளைத்தால் அதன் செலவும் குறையும், அதனால் நிற்கும். இருக்கட்டும், டேப்பைப் பிடித்துப் பாருங்கள், எடை நின்ற மாதத்திலும் இடுப்பு குறைவது உண்டு.

இன்னொன்று எழுதியிருக்கிறார், காலையில் எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது, சுகர் பார்த்தால் 110. அப்படியானால் லோ இல்லை. புதிதாகச் சேர்த்தது என் மாத்திரை வகையாக இருந்தால் அது உப்பையும் தண்ணீரையும் இழுத்து பிபியையும் கொஞ்சம் இறக்கும், எடை குறைந்தாலும் பிபி இறங்கும், நீங்களோ பழைய பிபி மாத்திரையை முழு அளவில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை பிபி பார்த்து, இரண்டு எண்ணையும் அதே தாளில் எழுதிக்கொண்டு இந்த வாரமே போங்கள். அதுவரை கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள், லோடு ஏற்ற ஏணியில் நீங்கள் ஏற வேண்டாம், கிளீனரை ஏறச் சொல்லுங்கள்.